குச் நஹி

வீட்டில் அரிசி தீர்ந்துபோனால் “இல்லை” என்ற சொல்லை எடுக்க மார்த்தாளின் அம்மா சிட்டம்மாள் விடமாட்டாள். பானையின் அடி தெரிந்தாலும் “நெறஞ்சி கீது” என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் அப்படி நிறைந்தே கிடந்த வருடங்கள் அதிகம்.

பானையை நிஜமாகவே நிரப்பத்தான் மார்த்தாள் மத்திய போலீஸ் பட்டாளத்தின் பெண்கள் பிரிவில் சேர்ந்தாள். கார்கில் சண்டை முடிந்த மறுவருடம் அவளை வடக்கே, பனி கொட்டும் ஊரில் போட்டார்கள். வீடு வீடாகப் போய்ப் பெண்களைத் தடவிச் சோதிப்பது அவள் வேலை. ஆண் தொட்டால்தான் பாவம், பெண் தொட்டால் பாவமில்லை என்று அதிகாரி நியாயம் சொன்னார். துணிக்குள் துப்பாக்கி இருக்கும் என்று ஒரு கர்ப்பிணியின் வயிற்றை அழுத்திப் பார்க்கச் சொன்னதும் அவர்தான். அழுத்தினாள். உள்ளே பிள்ளை உதைத்தது. “குச் நஹி, சாப்” என்றாள். ஒன்றுமில்லை ஐயா என்று அர்த்தம். அந்தப் பெண் திட்டவில்லை, அழவில்லை, இவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து மார்த்தாளுக்குத் தன் கையே ஆகவில்லை.

லீவில் வந்தால் தங்கை பரிமளாவுக்கு வளைகாப்பு. உத்திரமேரூர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும் சத்தம் காலனி வரைக்கும் கேட்டது. சந்தன வாசனையும் ஜன்னல் வெயிலும் வளையல் ஓசையும் சேர்ந்து, எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் இருந்தது அவளுக்கு. இந்தக் கையால் பிள்ளைத்தாய்ச்சியைத் தொடவே கூடாது என்று மூலையில் ஒதுங்கி நின்றாள். பரிமளா விடுவாளா? முதல் வளையல் அக்காதான் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

வளையல் போட்டாள். கன்னத்தில் சந்தனம் பூசினாள். அதோடு கையை எடுத்திருக்கலாம். பழகின கை சொன்ன பேச்சைக் கேட்குமா? தோளிலிருந்து விலாவுக்கு, விலாவிலிருந்து வயிற்றுக்கு என்று தானாக இறங்கியது. வெயில் பனியாக வெளுத்தது. எதிரே உட்கார்ந்திருந்தது அந்தப் பனி ஊர்க் கர்ப்பிணி. உள்ளே பிள்ளை உதைத்தது.

“குச் நஹி, சாப்.”

மார்த்தாள் இந்தி பேசுகிறாள் என்று பெண்கள் சிரித்தார்கள். பரிமளா சிரிக்கவில்லை. அக்காவின் கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாக்கா சொன்ன?”



“நெறஞ்சி கீதுன்னு சொன்னேம்மா.”

வடக்கே அந்தப் பெண் முன்னால் சொல்லியிருக்க வேண்டிய சொல் அது. அதை நினைத்து, அத்தனை பேர் நடுவில் விக்கி விக்கி அழுதாள். எல்லாம் ஆனந்தக் கண்ணீர்தான் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் சிட்டம்மாள்.