ஜானகியக்காவை எப்படி எழுதுவது?

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. பத்து பெரண்டாம் என்ற ஊரில், தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் வாசகி தொலைபேசியில் சொன்னது. தேவமலர் என்று வைத்துக்கொள்வோம்.

"பேர், ஊரெல்லாம் போட்டே எழுதுங்கண்ணே. அக்கா படிக்கணும்."

தெங்கேராவிலிருக்கும் அக்கா ஜானகி, வாரந்தவறாமல் இந்தப் பத்திரிகையை வாங்குபவள். பெயர்களை மட்டும் மாற்றிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'வேதக்காரி கையால எங்கம்மாவுக்கு வாய்க்கரிசியா?' ஜானகியின் கண்கள் நெருப்பைக் கக்க, அவள்...

(அடித்துவிட்டேன். என் தொடர்களில் எல்லா வில்லிகளும் நெருப்பைக் கக்கியாயிற்று.)

நடந்தது இதுதான். ஆறு ஆண்டுகளுக்கு முன் அவர்களின் அம்மா பெத்தம்மாள் இறந்தார். தேவமலர் ஞானஸ்நானம் எடுத்து அப்போது ஓராண்டு. வாய்க்கரிசி போட அவள் முறை வந்தபோது ஜானகி அவள் கையைத் தட்டிவிட்டாள். அரிசி தரையில் சிதறியது.

அன்றிலிருந்து, சர்ச்சில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் ஜெபத்தில், பிறரை மன்னிக்கும் வரி வரும்போது மட்டும் தேவமலர் வாயை மூடிக்கொள்வாள்.

"பொய் சொல்லக் கூடாதில்ல? அதுவும் ஏசப்பாகிட்ட."

3

எழுதியதை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் அழைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு லா. ஆனா அக்காவ இப்படிப் போடாதீங்க."

"நீங்க சொன்னதுதானேம்மா?"

"பாதிதான் சொன்னேன். அம்மா மூணு வருசம் படுக்கையில. பேம்பர்ஸ் மாத்துனது, ஊட்டி விட்டது எல்லாம் அக்கா. நான் ஓவர்டைம்னு சாக்கு சொல்லிட்டு மாசத்துக்கு ஒருக்கா எட்டிப் பாப்பேன்."

"அதுக்காக அவங்க செஞ்சது சரியா?"

"தப்புதான். தப்பு இல்லேன்னா நான் எதை மன்னிக்கிறது?"

"திடீர்னு என்னாச்சு?"

"உங்க கதையப் படிச்சதும், அக்கா அழுவா, நல்லா வேணும்னு நெனச்சேன். அப்புறம் ஜெபம் பண்ண முட்டி போட்டா, அந்த ஒரு வரி மட்டும் இல்லண்ணே, ஒரு வரியுமே வரல. பயந்துட்டேன். 'ஏசப்பா, நீங்களே பாத்துக்குங்க, எனக்கு இந்தக் கோபம் வேணாம்'னு விட்டுட்டேன்."

"விட்டுட்டீங்களா!"

"திங்கக்கிழமை விட்டேன். செவ்வாக்கிழமை காலையில திரும்பி வந்துருச்சு. மறுபடி விட்டேன்."

4

முடிவு ஒன்று: அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். (பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும்.)

முடிவு இரண்டு: ஜானகியும் ஞானஸ்நானம்...

"ஐயோ, வேணாம்ணே!" நான் வாசித்ததைத் தொலைபேசியில் கேட்டுத் தேவமலர் சிரித்தாள். "அக்கா மாரியம்மன் கோயிலுக்கே போவட்டும். வீட்டுக்கு வந்தாப் போதும்."

5

முடிவு என் கையில் இல்லை. ஒரே ஒரு வாசகியிடம் இருக்கிறது.

அக்கா, உங்கள் பெயர் ஜானகி இல்லை. ஆனால் சிதறிய அரிசியை வைத்து உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து உலை வைக்கும்போது, உங்களுக்கென்று ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போடுவாளாம் தங்கச்சி.

"அவங்க வரலேன்னா?" என்று கேட்டேன்.

"அடுத்த ஞாயிறும் போடுவேன்."

மதியம் ஒரு மணிக்கு வாசலில்...

(இதற்கு மேல் நான் எழுதவில்லை.)