உயராத கை

கதிரவன் மேற்றிசைக் கூரைகளின் பின்னே தாழ, சைகோன் ஆற்றின் கலங்கல் நீர் செம்பொன் நிறம் பூண்டது. கலங்களினின்று அரிசி மூட்டைகளை இறக்கிய தோள்கள் ஓய்ந்து, கான் ஹொய் துறையின் கிடங்குகள் கதவடைத்து, நெருங்கிச் சாய்ந்த மரவீடுகளின் முன் மகளிர் அடுப்பு மூட்டத் தொடங்கிய வேளை அது. அவ்வேளை, படிப்பவரே, பாலத்திற்கு அப்பாலிருந்து நாகசுரம் ஒலித்தது. தைப்பூசத் திருநாள்! தமிழ் வணிகர் எழுப்பிய கோயிலினின்று புறப்பட்ட வெள்ளித்தேர், தண்டாயுதபாணியைத் தாங்கி, தம்மவர் இல்லந்தோறும் நின்று நின்று வந்துகொண்டிருந்தது. போர் நாட்டுப்புறங்களில் நடந்துகொண்டிருந்தது. தலைநகருக்குள் அது வாராது என்று எல்லாரும் நம்பியிருந்த காலம்.

தேர் நிற்பதற்கு ஒரு முறை உண்டு. தேர்முன் நடப்பவர் தம் வலக்கையை உயர்த்தினால் வடம் பிடித்தவர் நிற்பர். அவ்வீட்டார் தட்டு நீட்டி, தேங்காய் உடைத்து, திருநீறு பெறுவர். கை தாழ்ந்த பின்னரே தேர் நகரும். கை உயர்வதோ புள்ளி வீடுகளுக்கு மட்டும். குலக்கோயில் மாலை தர மணம் முடித்த கணவனும் மனைவியுமே நகரத்தாராகிய அவ்வணிகரிடை ஒரு புள்ளி. அதில் அடங்காதவர், ஆண்டெல்லாம் விளக்குக்கு நெய் வார்த்தாலும் அயலாரே. தேர்முன் நடக்கும் அப்பெருமை அந்நாளில் கரியமாணிக்கம் செட்டியாருடையது.

அவர்தம் புள்ளி செட்டிநாட்டில் இருந்தது. அங்கே மனைவி வெள்ளையம்மை இரு மக்களை வளர்த்துக்கொண்டிருந்தாள். அவர்தம் வாழ்வோ கான் ஹொயில் இருந்தது. லான் என்னும் வியத்நாமியப் பெண் அவருக்குச் சோறாக்கி, அவர் காய்ச்சலில் கண்விழித்து, தெய்வானை என்னும் மகளைப் பெற்று, கார்த்திகை தவறாது நோன்பிருந்து வாழ்ந்தாள். தைப்பூசந்தோறும் புளியிட்டுத் துலக்கிய பித்தளைத் தட்டில் தேங்காயும் பழமும் வைத்து அவள் தன் வாசலில் நிற்பாள். தேர் வரும். தேர்முன் அவள் கணவரே வருவார். வாசலை நெருங்குகையில் அவர் கண்கள் எதிரிலுள்ள மின்கம்பத்தை நோக்கும்; கை உயராது; தேர் கடந்துபோகும்.

அவர் அஞ்சினார். கை உயர்ந்தால் கோயிலார் தடுப்பர்; ஊருக்குச் சேதி போகும். ஊரிலுள்ள மைந்தர்க்குப் பெண் கொடுக்க ஒருவரும் முன்வாரார் என்பது அவர் கணக்கு. வணிகத்தில் புலியென்று பெயரெடுத்தவர், தம் வீட்டு வாசலில் எலியானார். அவர்மேல் எனக்கு இரக்கம் வரவேண்டும் என்று பார்க்கிறேன், சினமே வருகிறது.

அவ்வாண்டும் தேர் கடந்தது. பின்னர்ச் சோறு பரிமாறுகையில் லான் தன் மழலைத் தமிழில் சொன்னாள்.

“சாமி களைச்சுப் போயிருப்பாக. அடுத்த வருசம் நிப்பாக, இல்லீங்களா?”

செட்டியாரின் கையில் கவளம் நின்றது. “நிப்பாக, லான். கட்டாயம் நிப்பாக. என்னை நம்பு.”

அவள் நம்பினாள், நம்பியதுபோல் சிரித்தாள் என்பதே சரி.

மறு தைப்பூசத்திற்கு முன்பே போர் நகருக்குள் நுழைந்தது. வியத்நாமியப் புத்தாண்டு வெடியென்று மக்கள் எண்ணிய ஓசை துப்பாக்கி ஓசையாயிற்று. கோயிலை ஒட்டிய விடுதியில் அன்று தங்கியிருந்த செட்டியார், காவலர் அடைத்த பாலத்தின் முன் நின்று, கான் ஹொய்ப் பக்கம் எழுந்த புகையைப் பார்த்துக் கதறினார். அண்டையார் மூட்டை முடிச்சோடு ஓடியபோது, லான் மகளை முன்னே அனுப்பிவிட்டு, பித்தளைத் தட்டை எடுக்க வீட்டுக்குள் திரும்பினாள். குண்டு அப்போது விழுந்தது. பாலம் திறந்து அவர் சென்று சேர்ந்தபோது, தெய்வானை தாயின் தலையைத் தன் மடியில் வைத்திருந்தாள். தட்டு ஓரம் நசுங்கி அருகில் கிடந்தது. அவ்வாண்டு தேர் ஓடவில்லை.

அதற்கடுத்த ஆண்டு ஓடிற்று. எரிந்த மனையில் தகரக் கொட்டகை ஒன்று எழுந்திருந்தது. தந்தை எவ்வளவு அழைத்தும் விடுதிப் பக்கம் வர மறுத்துத் தெய்வானை அதில் குடியிருந்தாள். மாலை வெயில் அதே மஞ்சளாய்ப் படிந்திருக்க, நாகசுரம் முழங்க, தேர் அம்மனையை நெருங்கியது. செட்டியார் இம்முறை மின்கம்பத்தைப் பாராது வாசலைப் பார்த்தார். கை உயர்ந்தது. தேர் நின்றது.

கோயில் காரியம் பார்க்கும் பெத்தாச்சி செட்டியார் விரைந்து வந்தார். “கரியமாணிக்கம், என்னப்பா இது? புள்ளி வீடில்லையே!”

“என் வீடுண்ணே,” என்றார் அவர். ஊரறிய அவர் அதைச் சொன்னது அதுவே முதன்முறை. பெத்தாச்சி வழிவிட்டு ஒதுங்கினார். தடுப்பாரென்று ஆயுளெல்லாம் அஞ்சப்பட்டவர், ஒரு சொல்லில் விலகிவிட்டார்.

கொட்டகையினின்று தெய்வானை வந்தாள். அவள் கையில் அந்தத் தட்டு இருந்தது. துலக்கியதில் பளபளத்தது, அதில் ஒன்றும் இல்லை.

“ஆத்தா நின்னப்ப நிக்காத தேரு, இப்ப எதுக்கு நிக்குது அப்பச்சி? சாமிக்கு ஒண்ணும் களைப்பு இல்லே, உங்க கைதான் எந்திரிக்கலேன்னு ஆத்தாவுக்குத் தெரியும். எல்லா வருசமும் தெரியும். உங்களுக்கு மனசு நோகுமேன்னுதான் சாமி மேலே பழியைப் போட்டா.”

இவ்வளவே சொன்னாள். தட்டைப் படிக்கல்லின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

வடம் பிடித்தவர் காத்து நின்றனர். நாகசுரக்காரர் மூச்சடக்கி நின்றார். கை தாழ்ந்தாலன்றித் தேர் நகரலாகாது; அக்கையோ தாழ மறுத்தது. ஒரு பெண் உயிரோடு நின்று வேண்டியபோது ஒரு நொடி உயர்ந்திருந்தால் போதுமாயிருந்த கை, இப்போது சாத்திய கதவின் முன் உயர்ந்தே நின்றது. விளக்கேற்றும் பொழுதும் கடந்தது. ஈற்றில் பெத்தாச்சியே அருகில் வந்து, குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல் அதைப் பற்றி, மெல்லத் தாழ்த்திவிட்டார். தேர் நகர்ந்தது.