சூரியகாந்தி எண்ணெயில் ஓடிய வேன்

சூரியகாந்தி எண்ணெயில் ஓடத் தொடங்கிய ஒன்பதாம் நாள் காலை, வேன்காரியின் வெள்ளை வேன் தானாகவே சூரியனைப் பார்த்துத் திரும்பி நின்றது. சாவி அவள் இடுப்பில் இருந்தது, கைப்பிரேக்கும் போட்டபடியே இருந்தது. முந்தின நாள் சுவரைப் பார்த்து நிறுத்தியது நன்றாக ஞாபகம் இருந்ததால், தெருவைப் பொதுவாக நாலு வார்த்தை திட்டிவிட்டு, செருப்புத் தொழிற்சாலைப் பெண்கள் பதினாலு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

டீசல் வரத்து நின்று அப்போது நாலு மாதம். பங்க்குகளில் கயிறு கட்டியிருந்தார்கள். எண்ணெய் ஆலையில் மட்டும் காறிப்போன சூரியகாந்தி எண்ணெய் பீப்பாய் பீப்பாயாகக் கிடந்தது. மெக்கானிக் வேனுக்கு இரண்டாவது டேங்க் ஒன்று பொருத்தி, எண்ணெய் இளகுவதற்காக ரேடியேட்டரின் வெந்நீரை ஒரு செப்புக் குழாயில் அதைச் சுற்றி ஓடவிட்டான். கிளப்புவதற்கு மட்டும் மிச்சம் வைத்திருந்த டீசலில் ஒரு மடக்கு, பிறகு எண்ணெய். "வடிகட்டித் துணிய மட்டும் அப்பப்ப மாத்திரு, மத்தபடி ஓடும்" என்றான். எந்தப் பக்கம் ஓடும் என்று அவன் சொல்லவில்லை.

வேன் காலையில் கிழக்கே மட்டும் போனது, உச்சி சாய்ந்தபின் மேற்கே மட்டும். உச்சிவேளையில் முன்சக்கரங்கள் தரையை விட்டு நாலு விரல் எழும்பும். பொழுது சாய்ந்தால் கல். தொழிற்சாலை கிழக்கே, வீடு மேற்கே என்பதால் வேன்காரிக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. மேகமூட்டமான நாட்களில்தான் வண்டி இருப்புக்கொள்ளாமல் வாசலிலேயே இப்படியும் அப்படியும் ஊர்ந்துகொண்டிருந்தது. அவளும் அதே ரகம். நின்றுகொண்டே சாப்பிடுவாள், பல் துலக்கிக்கொண்டே தெருக்கோடி வரை போய் வருவாள். கூடவே குடியிருந்த தங்கை, "உங்க ரெண்டு பேரையும் பாத்தாலே எனக்குத் தலை சுத்துது" என்பாள்.

நிறைமாதமாக இருந்த தங்கைக்கு வலி எடுத்தது ஒரு விடுமுறை நாள், சாயங்காலம் நாலு மணிக்கு. அடுத்த தெரு நர்ஸ் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "குழந்தைக்குக் கால் கீழ இருக்கு. இங்க வெச்சுப் பாக்குற வேலை இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, உடனே" என்றாள். ஆஸ்பத்திரி கிழக்கே பதினெட்டு கிலோமீட்டர். ஊரில் ஓடுகிற வண்டி வேறு இல்லை. வேன்காரி ஸ்டியரிங்கைக் கிழக்கே ஒடித்தாள், வேன் அரைவட்டம் அடித்து மேற்கே வந்து நின்றது. மூன்று முறை ஒடித்தாள், மூன்று முறையும் அப்படியே. தங்கையின் கணவன், தையற்காரன், அழ ஆரம்பித்தான்.

"அழுது முடிச்சாச்சுன்னா பின்கதவத் தொறந்து வெச்சு வழி சொல்லு" என்று ரிவர்ஸ் கியரைப் போட்டாள். முகம் சூரியனைப் பார்த்திருந்தவரை வேனுக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை.

அப்படியே பின்னோக்கிப் போனார்கள். வெயில் அவள் கண்ணில் குத்தியது, பாதை முழுக்கக் கண்ணாடியில் இருந்தது. "எடது, எடது! ஐயோ, உங்க எடது இல்லண்ணி, என் எடது!" என்று தையற்காரன் கத்தினான். சைக்கிள்காரர்கள் இறங்கி ஒதுங்கினார்கள். ஒன்பதாவது கிலோமீட்டரில் இன்ஜின் இருமியது. வடிகட்டி அடைத்துவிட்டது, மாற்றத் துணி இல்லை. தையற்காரன் சட்டையைக் கழற்றிக் கிழித்து, அந்த நேரத்திலும் ஓரம் பிசகாமல் நாலாய் மடித்துக் கொடுத்தான். அவள் விரல் வெந்துபோக அதைப் பொருத்திவிட்டு நிமிர்ந்தபோது சூரியன் மரங்களின் தலைக்கு இறங்கியிருந்தது.

"அக்கா, ஏதாவது பேசிட்டே வா. பயமா இருக்கு."

"என்னத்தப் பேச?"

"திட்டவாவது செய்."

வேன்காரி திட்டினாள். ஏழு வயதில் உடைத்த ஸ்லேட்டிலிருந்து ஆரம்பித்து, வருஷவாரியாக, ஒன்றையும் விடாமல் திட்டிக்கொண்டே ஓட்டினாள். வலிக்கு நடுவே தங்கை இரண்டு இடத்தில் மறுத்துப் பேசினாள். திட்டு தங்கையின் கல்யாணத்துக்கு முந்தின வருஷத்துக்கு வந்தபோது ஆஸ்பத்திரி மதில் தெரிந்தது, பொழுதும் இறங்கியது. வாசலுக்கு இருபதடி இருக்கையில் வேன் நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள்.

பெண்குழந்தை, கால்தான் முதலில் வந்தது. இரண்டு நிமிடம் அழவில்லை, பிறகு நிறுத்தவில்லை. வேன்காரி அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து தையற்காரன் பார்த்ததே இல்லை. மயக்கம் போட்டுவிட்டாள் என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தான்.

அடுத்த வருடம் டீசல் வந்தது. மெக்கானிக் எண்ணெய் டேங்க்கைக் கழற்றி எடுத்தும் வேன் திரும்புவதை விடவில்லை. பிற்பகலில் கிழக்கே போக வேண்டியவர்கள் வேனில் ஏறிப் பின்பக்கம் பார்த்து உட்காரப் பழகிக்கொண்டார்கள். தகுதிச் சான்றுக்கு வந்த வாகன ஆய்வாளர் பிரேக், விளக்கு, ஹாரன் எல்லாம் பார்த்தார். வேன் மெல்ல நகர்ந்து தன் நிழலைப் பின்னால் தள்ளிக்கொண்டதையும் பார்த்தார். குறைகள் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர், பேனாவை மூடப்போய், மறுபடி திறந்து, கீழே ஒரு வரி சேர்த்தார்: நிழலில் நிறுத்த வேண்டாம்.