ரசத்தில் என்ன போட்டாய்?

என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வாசல்படி ஏறியதும், அவர் வலது கையைப் பிடித்து மோந்து பார்ப்பேன். குடிகாரன் பெண்டாட்டி என்றால் வாயை மோந்து பார்ப்பாள். எனக்கு வாய்த்தவர் பீடிகூடத் தொடாதவர். நான் தேடியது சால்னா வாசனையை.

"என்ன புவனா இது, போலீஸ்காரி மாதிரி?" என்பார் ஞானவேல்.

"பேசாமக் கையக் காட்டுங்க."

சோப்பு வாசனைதான் வரும். அதிலும் எனக்குச் சந்தேகம். கொடைக்கானலில் நாள் முழுக்க டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிற மனுஷன் மேல் டீசல் அல்லவா மணக்க வேண்டும்? எதைக் கழுவ இத்தனை சோப்பு?

விஷயம் இதுதான். அவருக்குக் கோதுமை ஆகாது. தடித்து அரித்துவிட்டுப் போகிற சங்கதி இல்லை, குடலையே புண்ணாக்கிவிடுமாம். போன வருஷம் மதுரை டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னார். மைதா, ரவை, சேமியா, பிஸ்கட் எதுவும் ஒரு துணுக்குக்கூட உள்ளே போகக் கூடாது. வந்த அன்றைக்கே செண்பகனூர் வீட்டு அடுப்படியை அலசிக் கழுவினேன். சப்பாத்திக் கல்லைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அரிசி, கேழ்வரகு, கம்பு என்று சமையலே மாறிப்போயிற்று. அவருக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று தனித்தனியாக ஆக்கித் தின்பது எனக்குப் பிடிக்காது. நானும் விட்டேன். யார்? பழனியில் எங்கப்பா மளிகைக் கடைக்குப் பக்கத்துக் கடையின் கொத்துப் பரோட்டாச் சத்தத்திலேயே வளர்ந்தவள்! இப்போது பரோட்டாவைக் கண்ணால் பார்ப்பதோடு சரி.

அப்படியும் மனுஷன் தேறவில்லை. வயிறு உப்பும், முறுக்கி வலிக்கும், ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு ஓடுவார். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. போன வாரம் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், "கோதுமை உள்ள போயிட்டுத்தாம்மா இருக்கு" என்றார், என்னைப் பார்த்து.

எனக்குச் சுருக்கென்றது. நான் போடவில்லை. அப்படியென்றால் இவர் வெளியே தின்கிறார். நான் இங்கே வாயைக் கட்டிக்கொண்டு களி கிண்டிக்கொண்டிருக்க, இவர் எங்கேயோ உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு வெளுத்துக்கட்டுகிறார்!

"முருகன் மேல சத்தியமா இல்ல புவனா."

"அவரு பாட்டுக்கு மலையில இருக்கட்டும். அவர ஏன் இழுக்குறீங்க?"

வாரத்தில் இரண்டு மூன்று நாள், "வெளிய சாப்பிட்டேன், பசிக்கல" என்று சாப்பாட்டுக்கு உட்காரமாட்டார். மறுநாள் பார்த்தால் முகம் தெளிந்திருக்கும், வாய்க்குள் பாட்டு வேறு. ஆசைப்பட்டதைத் தின்ற தெளிச்சி என்று எனக்கு வயிறு எரியும். மற்ற நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டால், கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், மோரில் பெருங்காயத்தைத் தாராளமாகப் போட்டுக் கலக்கிக் கொடுப்பேன். கட்டின புருஷனாயிற்றே.

நேற்று மத்தியானம், நான் வேலை பார்க்கும் சாக்லேட் கடையிலிருந்து வீட்டுக்கு வரும்போது, வீரம்மாள் அக்காவின் சாப்பாட்டுக் கடை முன்னால் அவர் ஜீப் நின்றது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் கிளம்பும்வரை மறைவாக நின்றுவிட்டு உள்ளே போனேன்.

"அக்கா, ஒளிக்காமச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு இங்க எத்தன பரோட்டா திங்கிறாரு?"

"பரோட்டாவா? அட நீ ஒண்ணு! வெறுஞ்சோறு, தயிரு, ஒரு பச்ச மொளகா. சாம்பாரு வாளியத் தூக்குனாலே எலைய மறைச்சுக்கிருவாரு. ஊறுகாகூட வேணாம்பாரு." இலை எடுத்துக்கொண்டே திரும்பினார். "ஏம்மா, வீட்டுல எதும் சண்டையா? சொல்றதுன்னா வெரசாச் சொல்லு, எனக்கு ஆயிரம் சோலி கெடக்கு."

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீட்டில் கூட்டும் பொரியலும் ரசமுமாக நான் ஆக்கி வைத்திருக்க, இவர் இங்கே வந்து வெறுஞ்சோறு தின்கிறார். ஏன்?

சாயங்காலம் அவர் வந்ததும் கையை மோந்து பார்க்கவில்லை. நேராகவே கேட்டேன். "வீரம்மாக்கா கடையில தயிர்ச்சோறு திங்கிறீங்களாமே. என் சமையல்ல என்ன கொறையக் கண்டீங்க?"

அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே இருந்தார். தலை நிமிரவில்லை. "ஒன் கையால சாப்பிட்டாத்தான் வலிக்குது புவனா. அங்க தின்னா வலிக்க மாட்டேங்குது. நானும் பலதடவ பாத்துட்டேன்."

"அதுக்கு?"

"பேத்துப்பாறையில அக்கா சொல்லுச்சு..." என்று இழுத்தார்.

அவர் அக்கா சின்னத்தாயி என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாதா? மருந்து வைத்துவிட்டாள் என்றிருப்பாள். புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ளச் சோற்றில் எதையோ கலந்து கொடுக்கிறாளாம் பழனிக்காரி.

"மருந்து வச்சுட்டேன்னு சொல்லுச்சாக்கும். நீங்களும் நம்பிட்டீங்க?"

"நம்பல." மற்ற ஷூவையும் கழற்றி வைத்துவிட்டு, "சந்தேகமா இருந்துச்சு" என்றார்.

அவர் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப்போய் நிறுத்தினேன். "இங்கயே நில்லுங்க. நான் ரசம் வைக்கிறேன். ஒவ்வொண்ணா என்ன ஏதுன்னு கேளுங்க. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்."

புளியைக் கரைத்தேன். தக்காளியைப் பிசைந்தேன். மிளகு, சீரகம் தட்டினேன். பூண்டை எடுத்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். "இது ஒங்கக்கா தோட்டத்துப் பூண்டு. நல்லா மோந்துக்கங்க, மருந்து இதுலதான் இருந்தாலும் இருக்கும்." பெருங்காய டப்பாவைத் திறந்தேன்.

"இதுல என்ன இருக்கு?" என்றார்.

"பெருங்காயத்துல பெருங்காயம்தான் இருக்கும். எங்கப்பா கடையில நானே எத்தன டப்பா வித்திருக்கேன்!"

டப்பாவை வாங்கித் திருப்பினார். எறும்பு எறும்பாக எழுத்து. செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படித்தார். செல்போனை என் பக்கம் நீட்டினார். கோதுமை மாவு என்று இருந்தது. அதற்குப் பின்னால்தான் பெருங்காயம்.

ரசத்தில், சாம்பாரில், கூட்டில். வலி என்று வந்தால் மோரில் இன்னும் கூடுதலாக. ஐயோ, நான்தான். நல்லதென்று நினைத்து, என் கையாலேயே, தினம் தினம்.

டப்பாவைக் கொண்டுபோய் வெளியே குப்பையில் எறிந்தேன். அரைத்து வைத்திருந்த பொடிகளையும் கொட்டினேன். கரண்டி, சட்டி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிவிட்டு முதலிலிருந்து ரசம் வைத்தேன். அவர் நகராமல் அங்கேயே நின்றார்.

"விடு புவனா. வேணும்னா செஞ்ச?" என்றார்.

"நான் வேணும்னு செய்யல. நீங்க சந்தேகப்பட்டது வேணும்னுதான்" என்றேன். சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு தட்டில் சோறு போட்டு ரசம் ஊற்றினேன். எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.

"சுடுதா?"

"இல்ல."

அவர் பார்வை என் தட்டின் மேல் இருந்தது. எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் விளங்கிற்று. பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றாகப் பார்த்த மனுஷன்! நான் ஒரு வாய் அள்ளிப் போட்டு, அவர் பார்க்கும்படி விழுங்கினேன். அதற்குப் பிறகுதான் அவர் கை வாய்க்குப் போயிற்று.