தொடக்கூடாத தங்கூசி

“தொடாதே!”

கனகரெத்தினம் கத்துவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அவருடைய தூண்டிலில் மாட்டிய மீனை, ஸஜாத் தங்கூசி நூலில் கை வைத்து இழுத்துவிட்டான்.

கல்முனைக் கரையில் ஒருவனுக்குப் பெரிய மீன் மாட்டினால், பக்கத்தில் நிற்பவன் நூலில் கை கொடுப்பான். கொடுக்காவிட்டால்தான் கோபம். கனடாவிலிருந்து பந்தயத் தூண்டிலோடு வந்த கனகரெத்தினத்துக்கோ, பந்தய விதிப்படி, அடுத்தவன் கை நூலில் பட்டால் அது அவர் பிடித்த மீனே அல்ல.

அது நேற்று.

இன்று காலை, பொத்துவிலில் சுற்றுலாப் படகு ஓட்டும் மீராசா தெளிவாகச் சொல்லிவிட்டார். “இண்டைக்கும் கைய வெச்சாயெண்டா, பழையபடி போன் கடைக்கே போ மனே.”

“வைக்கமாட்டன் காக்கா” என்றான் ஸஜாத். மூத்தவரான மீராசா அவனுக்குக் காக்கா, அண்ணன் மாதிரி.

கல்முனைப் பஸாரில் போன் திருத்திய காலமெல்லாம் ஸஜாத்தின் மனம் கடலில்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் தூண்டிலோடு கரைக்கு ஓடுவான். இதுவே தொழிலானால்? அந்த ஏக்கத்தில் கடையை விட்டு, மீராசாவின் படகுக்கு மீன்பிடி வழிகாட்டியாக வந்திருந்தான்.

படகு பாறையை நெருங்கியது. நீர் சுழலும் இடத்தைக் காட்டினான். “அங்க போடுங்க ஐயா.”

வீசினார். நூல் சுற்றிய றீல் அலறியது. பாரை மீன்!

கனகரெத்தினம் தள்ளாடினார். ஸஜாத்தின் விரல்கள் எழுந்தன. சட்டென்று இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

“என்னடா, அடைகாக்கிறாயா?” மீராசா சிரித்தார்.

“ஓட விடுங்க ஐயா... இன்னும்... இப்ப சுத்துங்க!” என்றான் ஸஜாத்.

பாரை படகில் ஏறியது. கனகரெத்தினம் அதைப் படமெடுத்தார். பிறகு கடலிலேயே விட்டார்.

“அநியாயமே! கறியெல்லோ போகுது!” மீராசா தலையில் கை வைத்தார்.

“மீராசா, நான் இங்க நிக்கிற வரைக்கும் இந்தத் தம்பிதான் வரவேணும்” என்று சொல்லி, களைப்பில் கண்மூடிச் சாய்ந்தார் கனகரெத்தினம்.

வேலை நிலைத்துவிட்டது. “அல்ஹம்துலில்லாஹ்” என்றான் ஸஜாத். அதே நொடியில், அதே சுழலில், இன்னொரு முதுகு நீரைக் கிழித்தது. முந்தியதைவிடப் பெரியது.

கனகரெத்தினத்தின் தூண்டில் அவன் மடியில் கிடந்தது.

“காக்கா... ஒருக்கா நான் போடட்டா?”

மீராசா எஞ்சினைக் கிளப்பினார். “தொழிலுக்கு வந்திட்டாய் மனே. இனிப் போடுறது அவங்க.”

ஸஜாத் தூண்டிலின் உப்பைத் துடைத்து உறைக்குள் இட்டான். சுழல் கண்ணிலிருந்து மறையும்வரை திரும்பிப் பார்த்தபடியே இருந்தான். அவனுடைய வலது கை, மடியில், இல்லாத றீலைச் சுற்றிக்கொண்டிருந்தது.