ஆறு வெட்டு, ஏழு துண்டு

மார்ச் 11, செவ்வாய்.

ஒரு தவறு. போன வெள்ளிக்கிழமை, கதை எழுதக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் நான் வாசித்த கதையில், ஓவியத்தை ஆறு துண்டாக வெட்டினார்கள் என்று எழுதியிருந்தேன். ஆறு அல்ல, ஏழு. ஓவியர் ஏழு என்றுதான் சொல்லியிருந்தார்; நான் எண்ணியது வெட்டுகளை. ஆறு முறை வெட்டினால் ஏழு துண்டு வரும். ஃப்ரேம் கடையில் மூன்று வருடமாக அளவு எடுப்பவளுக்கு இது பிசகியிருக்கக் கூடாது. பதினோரு பேர் கேட்டார்கள். ஒருவரும் திருத்தவில்லை. கைதட்டினார்கள்.

இந்தக் கதை எனக்கு இரண்டு பேர் வாயிலிருந்து கிடைத்தது. ஒன்று ஓவியர் சொன்னது. மற்றொன்றை யார் சொன்னார் என்பதை வகுப்பில் மறைத்துவிட்டேன். மறுபடியும் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தக் கள்ளத்தனமும் அந்தக் கைதட்டலும்தான்.

[கோபத்தோடு எழுதக் கூடாது என்று வகுப்பில் சொல்லித்தந்தார்கள். குறித்துவைத்திருக்கிறேன். எழுதுகிறேன்.]

1

முதல் தொடக்கம்: 'வண்ணங்களின் மௌனத்தில் அவர்' — அடித்துவிட்டேன். அவர் வாழ்க்கையில் மௌனம் எதுவும் கிடையாது.

இரண்டாம் தொடக்கம்: 'புகழ்பெற்ற அரூப ஓவியரும் நிகழ்த்துக் கலைஞருமான' — இது அழைப்பிதழ்.

மூன்றாவது: இருபது வருடங்களுக்கு முன்பு, இருபத்தோரு அடி நீளமுள்ள அறை ஓவியருக்கு எங்குமே கிடைக்கவில்லை.

இது நிற்கிறது. ஏனென்றால் இது நடந்தது.

2

அறை கிடைக்கவில்லை என்பதால், குடியிருந்த வாடகை வீட்டிலேயே கேன்வாஸை விரித்தார். படுக்கையறையில் தொடங்கி, நடைவழியாக ஓடி, சமையலறை அடுப்பு மேடைக்கடியில் போய் முடிந்தது. அகலம் மூன்றடி. அதன் மேல் ஒரே ஒரு நீலக் கோடு. படுக்கையறையில் அடி ஓரத்தில் கிளம்பி, இருபத்தோரு அடியில் மெல்ல மெல்ல மேலேறி, சமையலறையில் மேல் ஓரத்தைத் தொட வேண்டும். எங்கே ஏறுகிறது என்று கண்ணுக்குத் தெரியக் கூடாது. ஏறிவிட்டது என்று மட்டும் தெரிய வேண்டும்.

பதினான்கு மாதம். அவருடைய கணவர் அதைத் தாண்டித் தாண்டித்தான் குளிக்கப் போனார்.

"தண்டவாளம் போட்டாச்சு, வண்டி எப்போ வரும்? நானும் தினம் பிளாட்பாரத்துல நின்னு பாக்கறேன்."

"வந்தா உங்களைத்தான் முதல்ல ஏத்தி அனுப்புவேன். ஓரமாப் போங்க, ஈரம்."

முடிந்த அன்று இருவரும் படுக்கையறை ஓரத்தில் உட்கார்ந்து கோட்டின் மறுமுனையைப் பார்த்தார்கள். கணவர் கேலி செய்யவில்லை. ஓவியர் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் என் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுதுவதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்க வேண்டுமோ?

3

ஓவியங்களைக் காட்சிக்கு வைத்து விற்கும் காலரிக்காரர் ஒருவர் அதைச் சுருட்டி எடுத்துப்போனார். கண்காட்சி தொடங்கும் மாலையில் ஓவியர் உள்ளே நுழைந்தார். இருபத்தோரு அடிச் சுவர் அங்கே இருந்தது. அதில் கறுப்புச் சட்டமிட்ட மூன்று சதுரப் படங்கள் தொங்கின. நீலம் – 2. நீலம் – 5. நீலம் – 6. மூன்றின் ஓரத்திலும் விற்றுவிட்டதைக் காட்டும் சிவப்புப் பொட்டு.

"மிச்சம் எங்க?"

"நாலும் நேத்தே வீடு போய்ச் சேந்தாச்சு. உங்களுக்கு இன்ப அதிர்ச்சியா இருக்கட்டுமேன்னு..." என்றார் காலரிக்காரர்.

ஓவியர் போய் வாசலில் இரண்டு கைகளையும் விரித்து நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே நாற்பது பேர்.

"ஏழும் திரும்பி வர்ற வரைக்கும் ஒருத்தரும் வெளிய போகக் கூடாது. யார்கிட்ட கொடுத்த? அட்ரஸ் சொல்லுய்யா!"

காலரிக்காரர் முகம் வெளுத்தது. இரண்டு நொடிதான். பிறகு கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கைதட்ட ஆரம்பித்தார்.

"நண்பர்களே, நம்ம காலரியோட முதல் நிகழ்த்துக் கலை! ஓவியரே நேர்ல நடத்தறாங்க."

நாற்பது பேரும் தட்டினார்கள். அவர் கத்தினார், இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவர் அழுதார், அமைதியாகத் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து ஓவியரின் விரித்த கை மரத்துப்போனது. ஒரு பெண் அவர் கைக்கடியில் குனிந்து வெளியேறும்போது காதருகே "தேங்க்யூ" என்றாள்.

மறுவாரம் பத்திரிகையில் படம் வந்தது. 'வாசல்' என்று அதற்குத் தலைப்பு வைத்தவர் காலரிக்காரர்.

4

அதன் பிறகு நடந்ததைத்தான் அவருடைய கலைவாழ்க்கை என்கிறார்கள்.

காலரிக்காரர் முகவரிகளைத் தரவே இல்லை. வெளியூர்களிலிருந்து அழைப்புகள் வந்தன. மேடையில் கேட்டாலாவது யாராவது பதில் சொல்வார்கள் என்று போனார். ஏழு துண்டுகளின் அளவை மைக்கில் வாசித்தார். கைதட்டல். வெள்ளைச் சுவரை உளியால் ஏழு இடத்தில் கொத்தினார். விருது.* எதுவும் செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்து வந்தவர்களிடம், "உங்க வீட்டுச் சொவத்துல என்ன மாட்டியிருக்கு?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். வரிசை தெருமுனை வரை நின்றது.

ஒருவர் கண்ணீரோடு வந்தாராம். "ரொம்ப ஆழமா இருந்துச்சு மேடம்."

"என் ஏழு துண்டு எங்கன்னு கேட்டேன். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம். நம்ம எல்லாருக்குள்ளயும்தானே அது தொலைஞ்சு கெடக்கு."

ஓவியர் அவரை அறைந்துவிட்டார். அதற்கும் கைதட்டினார்கள்.

(* விருதுக்குக் கொடுத்த கேடயம் அவர் வீட்டுக் குளியலறைக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டுக் கொடுத்திருக்கிறது. இதை வகுப்பில் வாசித்தபோது சிரித்தார்கள். சிரிக்க வைக்கத்தான் எழுதினேனோ என்று இப்போது சந்தேகம்.)

5

இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை இல்லாத பாத்திரம் ஒன்று உண்டு. வகுப்பில் வாசித்ததில் 'யாரோ ஒரு ஃப்ரேம்காரர்' என்று ஒரே வரியில் அவரைக் கடந்துவிட்டேன். முகம் கொடுக்கவில்லை. கொடுத்தால் தெரிந்துவிடும்.

அவர் என் சித்தப்பா. கடை அவருடையது. மாலை வகுப்புக்காக என்னை ஐந்தரைக்கே விடுகிறவரும் அவர்தான். வகுப்புக் கதைக்காக ஓவியரைச் சந்தித்துவிட்டு வந்து சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன்.

"அந்த நீலக் கோடா? நாந்தானே வெட்டினேன்! ஆறே வெட்டு. ஒரு நூல் பிரியலை தெரியுமா?"

"யாரைக் கேட்டு வெட்டினீங்க சித்தப்பா?"

"காலரிக்காரர் கொண்டாந்தாரு, வெட்டினேன். தையக்காரன்கிட்ட போய் துணியை ஏன் வெட்டினேன்னு கேப்பியா?"

"அவங்க பத்தொன்பது வருஷமா தேடிட்டிருக்காங்க."

"தேடட்டுமே. அந்தம்மா பொழப்பே அதுலதானே ஓடுது. கெடச்சுட்டா அப்புறம் மேடையேறி எதைக் கேப்பாங்க?"

அதை நோட்டில் குறித்துக்கொண்டேன். நல்ல வசனம் என்று தோன்றியது. [அப்படித் தோன்றியதற்காக என்னையே...]

சனிக்கிழமை, சித்தப்பா சாப்பிடப் போயிருந்தபோது பரண் மேல் ஏறினேன். பழைய அளவு நோட்டுகள் வருடவாரியாகக் கட்டிவைக்கப்பட்டிருந்தன. பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய நோட்டில், எழுபத்திரண்டாம் பக்கம்: 'நீலம்', ஏழு வரி. மூன்றுக்கு மூன்று, கறுப்புச் சட்டம், கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய வீட்டு முகவரி. சித்தப்பாவின் கையெழுத்து. என் தவறு அங்கேதான் தெரிந்தது. நோட்டைத் திரும்ப வைத்துவிட்டு இறங்கினேன்.

நேற்று ஓவியருக்குப் போன் செய்தேன். நோட்டைப் பற்றிச் சொல்லவில்லை. "கெடச்சுட்டா என்னக்கா பண்ணுவீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"ஏன், உன் கதைக்கு முடிவு வேணுமா?"

"இல்லக்கா..."

"வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போவேன். ஏழையும் ஒட்டுப் போட்டாவது தரையில விரிப்பேன். அப்புறம் அடுத்த படத்தைப் போடுவேன். நான் படம் போடறவடி! அந்தக் கோட்டுக்கப்புறம் ஒரு கோடு போடலை நான், தெரியுமா உனக்கு? பதிலுக்குத்தானே கேக்கறேன். கேக்கறதுக்காகவா கேக்கறேன்?"

போனை வைத்துவிட்டார்.

6

முடிவுகள்.

அ. ஏழு துண்டும் ஒரே சுவரில் சேர்கின்றன, ஓவியர் கண்கலங்குகிறார். பொய். ஒன்றுகூட இன்னும் சேரவில்லை.

ஆ. சித்தப்பா மனம் வருந்துகிறார். இல்லை. இன்று மதியம்கூடக் கத்தியைத் தீட்டிக்கொண்டே, வந்தவரிடம் அந்த ஆறு வெட்டைப் பற்றிப் பெருமையடித்தார்.

இ. ஒரு பெண் இதைக் கதையாக எழுதி வகுப்பில் வாசிக்கிறாள். இது நடந்தது.

"ஆறு துண்டுன்னு வெச்சீங்க பாருங்க, அங்கதான் நிக்கறீங்க," என்றார் ஆசிரியர். "ஆறு பருவம். சிதைஞ்சுபோன காலம். பிரமாதமான குறியீடு."

"குறியீடு இல்ல சார். கேன்வாஸ்."

"அதையும் கதைக்குள்ள சேத்துடுங்க," என்றார். எல்லோரும் தட்டினார்கள். நான் எழுந்து நின்று, தலைகுனிந்து நன்றி சொன்னேன். காலரிக்காரர் ஒருவர் போதும் என்றிருந்த கதையில் இரண்டாவது காலரிக்காரி நான்.

ஆகவே முடிவு எழுதப்போவதில்லை. முகவரிகள் பழையவை, படங்கள் கைமாறியிருக்கலாம்; அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ, தெரிந்தவர் வீட்டிலோ, அலுவலகக் கூடத்திலோ, கறுப்புச் சட்டத்துக்குள் ஒரு நீலக் கோடு இடப்பக்கம் நுழைந்து, வலப்பக்கம் நாலைந்து அங்குலம் மேலே வெளியேறும் படம் இருந்தால், கழற்றித் திருப்பிப் பாருங்கள். கட்டையில் மடித்து ஆணியடித்த இரண்டு அங்குலத் துணியிலும் அந்தக் கோடு ஓடிக்கொண்டிருக்கும். இருந்தால் சொல்லி அனுப்புங்கள். நெகிழ வேண்டாம். தட்டவும் வேண்டாம்.

நாளை, புதன்: ஒன்பதரைக்குக் கடை திறந்ததும், சித்தப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏணி போட்டு நோட்டை இறக்க வேண்டும். எதற்கு என்று கேட்டால் சொல்ல வேண்டும். எழுபத்திரண்டாம் பக்கத்து முகவரிகளை நகல் எடுத்து, பதினோரு மணிக்குள் ஓவியர் வீட்டில் கொடுக்க வேண்டும். கிளம்புமுன் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏழு.