அத்தாவுக்குத் தனி ட்ராக்

எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். வந்தால் லேசில் போகாது. அத்தாவின் குரலைப் பதிவு செய்ய எந்தப் பெட்டியை வாங்குவது என்று கடையில் நின்றபோதும் கோபத்தோடுதான் நின்றிருந்தேன்.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அப்புறம் கழுத்தில் போடும் துளை வழியாக மூச்சு விடலாம், ஏதோ கருவி வைத்துப் பேசக்கூடப் பழகலாம். ஆனால் அது அத்தாவின் குரலாக இருக்காது. அடுத்த வாரம் ஆபரேஷன். அதற்குள் அவர் கதையை அவர் வாயாலேயே சொல்ல வைத்துப் பதிந்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். நானும் என் சிநேகிதி கவிநிலாவும் புதுச்சேரித் தெருக்களைப் பற்றி ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறோம். அதுவரை போனை வைத்தே ஒப்பேற்றி வந்தோம். மார்க்கெட் இரைச்சலுக்குப் போன் போதும். அத்தா பேசுவது எதிரில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும்.

அதைவிடப் பெரிய தொல்லை அம்மா. ஜீனத்துன்னிசா இருக்கும் இடத்தில் இன்னொருவர் வாயைத் திறப்பது கஷ்டம். முத்தியால்பேட்டையில் எங்களுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. வருகிறவர்களை அத்தா உட்காரச் சொல்வதற்குள் அம்மா அவர்கள் சம்பந்தி வீடு வரை விசாரித்து முடித்திருப்பாள். அவளைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பதிவு செய்யலாம் என்று பார்த்தேன். அத்தா ஒத்துக்கொள்ளவே இல்லை.

"ஜீனத்தும் பக்கத்துல இருக்கட்டும்மா. அவ இல்லாம நா மட்டும் ஒக்காந்து என்னாத்தப் பேசப் போறேன்?"

அதனால்தான் எனக்கு மிக்சர் என்கிற ஒலி கலக்கும் பெட்டி வேண்டியிருந்தது. ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு குமிழ். அம்மா ஆரம்பித்ததும் அவள் குமிழைத் திருகி அடக்கிவிடலாம். அம்மாவை அடக்க இந்த ஜென்மத்தில் ஒரு குமிழ் கிடைக்கிறதே என்று உள்ளூரக் குஷியாகக்கூட இருந்தது. கடைக்காரரும் மிக்சரைத்தான் முன்னால் நகர்த்தி வைத்தார். வண்ண வண்ணமாய்க் குமிழ்கள், பார்க்கவே ஒரு கெத்து.

கவிநிலா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கையில் எடுத்தது இன்டர்ஃபேஸ். டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி, மைக் சொருக ரெண்டே ரெண்டு துளை. அவள் ஒரு கம்பெனிக்கு ஆடியோ பாடங்களை வெட்டி ஒட்டித் தருகிறவள், அந்தத் திமிர் வேறு. மிக்சர் எல்லாக் குரலையும் கலந்து ஒன்றாக்கித்தான் கம்ப்யூட்டருக்கு அனுப்பும், இன்டர்ஃபேஸ் ஒவ்வொரு மைக்கையும் தனித்தனி ட்ராக்காக அனுப்பும் என்று கடைக்காரருக்கும் சேர்த்து விளக்கினாள். எல்லாக் குரலையும் தனியாக அனுப்பும் மிக்சரும் உண்டு என்றார் அவர். அது அவர் கடையில் இல்லை.

"திங்கிற மிக்சர்லகூடக் கடலைய மட்டும் பொறுக்கி எடுத்துக்கலாம். இதுல கலந்தது கலந்ததுதான். இப்ப உங்கம்மாவ அடக்கிட்டு, நாளைக்கி வேணும்னா எங்கடி போய்த் தேடுவ?" என்றாள்.

நாளைக்கு என்ன, எந்தக் காலத்திலும் வேண்டாம் என்றேன். அப்படியானால் இன்டர்ஃபேஸில் இன்னும் வசதி, அம்மாவின் ட்ராக்கை மொத்தமாக அழித்துவிடலாமே என்றாள் அவள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அதை வாங்கச் சம்மதித்தேன்.

வீட்டுக்கு வந்தால் மேஜைமேல் ஒரு பெரிய பொட்டலம். நாங்கள் மிக்சர் வாங்கப் போவதாகப் போனில் பேசிக்கொண்டதை அம்மா கேட்டிருக்கிறாள். பாட்காஸ்ட்டுக்கு யாரோ நாலு பேர் வருகிறார்கள் போல என்று, வரும் வழியில் காரா மிக்சராகப் பார்த்து வாங்கி வந்துவிட்டாள். பதிவு முடிகிறவரை யாரும் அதைத் தொடக் கூடாது என்று எடுத்து ஒளித்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அத்தா வந்ததும் கடையின் பின்னறையில் மேஜைக்கு இந்தப் பக்கம் அவரையும் அந்தப் பக்கம் அம்மாவையும் உட்கார வைத்தோம். ஆளுக்கொரு மைக். இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீர்கள் என்று அத்தாவைக் கேட்டேன். தன் மாமு கடையில் சின்ன வயதில் சேர்ந்ததாக அவர் தொடங்கினார். மாமு என்றதுமே அம்மா பிடுங்கிக்கொண்டாள். மாமுவின் கஞ்சத்தனம், மாமி செய்த கொடுமை, தன் கல்யாணத்தில் பிரியாணி பத்தாமல் போனது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர், புதுக் கண்ணாடியில் பெண்டாட்டி முகம் ரொம்பத் தெளிவாகத் தெரிகிறது என்று திருப்பிக் கொடுக்க வந்த கதை. அத்தாவுக்கு நடந்தது அத்தனையும் அம்மா வாயால் வந்தது. நான் கண்ணைக் காட்டினேன், காலை மிதித்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. நடுவில் பொறுக்கமாட்டாமல் எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன். கவிநிலாவும் என் பின்னாலேயே வந்து சமாதானம் சொல்லிக் கூட்டிப்போனாள்.

கடைசியில் அத்தா வாயிலிருந்து வந்தது நாலைந்து வாக்கியம் இருக்கலாம். மைக்கைக் கழற்றியதும் அம்மாவை வாங்கு வாங்கு என்று வாங்கினேன். அவர் குரல் போகப்போகிறது, இந்த ஒரு நாளாவது அவரைப் பேச விட்டிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அம்மா முழித்தாள். அத்தா வழக்கம்போலச் சிரித்தார். எனக்கு அழுகையாக வந்தது.

மறுநாள் காலை கவிநிலா லேப்டாப்பில் அம்மாவின் ட்ராக்கை நிறுத்திவிட்டு அத்தாவின் ட்ராக்கை மட்டும் ஓடவிட்டாள். வெறும் நிசப்தம்தான் இருக்கப்போகிறது என்று நினைத்தேன். அம்மாவின் சத்தம் பக்கத்து வீட்டு டிவி மாதிரி எங்கேயோ லேசாகக் கேட்டது. அப்புறம் மைக்கை ஒட்டினாற்போல் ஒரு குரல்.

"ம்."

கொஞ்சம் விட்டு இன்னொரு "ம்". அப்புறம் இன்னொன்று. விடாமல், கடைசி வரைக்கும். அத்தா உம் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். எதிரில் உட்கார்ந்திருந்த என் காதில் ஒன்றுகூட விழவில்லை. சொல்தா கதைக்கு ஒரு "ம்", அதில் சிரிப்பை அடக்கியிருந்தார். மாமியின் கொடுமைக்கு ஒன்று, அது பெருமூச்சோடு வந்தது. அம்மா வருஷத்தைத் தப்பாகச் சொன்ன இடத்தில் "ம்" மேலே ஏறி நின்றது, உடனே அம்மா திருத்திக்கொண்டிருக்கிறாள். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை.  ஒரு மனுஷர் ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு இத்தனை பேச முடியுமா?

 மிக்சர் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். அம்மாவின் குமிழை நானே அடக்கியிருப்பேன், இந்த "ம்" எல்லாம் எதற்கு என்றே தெரிந்திருக்காது. 

ஆபரேஷன் அன்று காலையில் அத்தாவை உள்ளே கொண்டுபோனார்கள். அம்மா ஆஸ்பத்திரி வராண்டா பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர்களை யார், எவர் என்று கேட்கவில்லை. என்னிடமும் பேசவில்லை. அம்மா பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை, பயமாக இருந்தது. வேறொன்றும் தோன்றாமல் ஹெட்போனை அவள் காதில் மாட்டி அத்தாவின் ட்ராக்கைப் போட்டேன். அதில் அம்மாவின் லேசான சத்தத்தையும் கவிநிலா துடைத்து எடுத்திருந்தாள். மிச்சம் இருந்தது நிசப்தமும் இடையிடையே "ம்"மும்தான்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் உதடு அசைந்தது.

"இது எங்க கல்யாணத்துல பிரியாணி பத்தாமப் போனது," என்றாள். அடுத்த "ம்" வந்ததும், "இது மாமி என்னய வெயில்ல நிக்க வச்சது," என்றாள்.

பலமுறை கேட்டு எனக்கு அந்தப் பதிவு மனப்பாடம். அவள் சொன்னது அச்சுப் பிசகாமல் சரியாக இருந்தது. அவள் பேச்சில் ஒரு வார்த்தைகூட அந்த ட்ராக்கில் இல்லை. வெறும் "ம்"மைக் கேட்டே அது எந்தக் கதைக்கு, கதையில் எந்த இடத்துக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் இந்த ரெண்டு பேரோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், இவர்கள் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டதே இல்லை.

திடீரென்று அம்மா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி போடச் சொன்னாள். போட்டேன். இன்னொரு தடவை கேட்டாள். முகம் மாறிவிட்டது.

"இங்க நா எதுவும் பேசலடி," என்றாள்.

எனக்கும் அந்த இடம் தெரியும். நான் கோபித்துக்கொண்டு வாசலுக்குப் போன நேரம் அது. அம்மாவின் ட்ராக்கில் அங்கே பேச்சே இல்லை. அத்தா தொண்டையைச் செருமியிருப்பார் என்று நான் தாண்டிப் போயிருந்தேன்.

"நீங்க ரெண்டு பேரும் வெளிய போயிட்டீங்க. நா அவரையே பாத்துக்கினு சும்மாதான் ஒக்காந்திருந்தேன். கொரலு போனா போவுது, நீங்க எங்கிட்ட திரும்பி வந்துடுவீங்கல்லன்னு மனசுக்குள்ள கேட்டேன். வாயத் தொறக்கவே இல்லடி."

அம்மா ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்து, அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னாள். போட்டேன். முதலில் மின்விசிறிச் சத்தம். அப்புறம் அத்தா, அவசரமில்லாமல், தெளிவாக, "ம்" என்றார்.